இன்னும் நேரம் ஆகவில்லை

ஸ்கார்வ் தீவு
அக்டோபர் 8, 1978

அன்புள்ள போர்கில் அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கோடையில் இங்கே வந்தபோது படகிலிருந்து இறங்க நீங்கள் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் தம்பி ஹால்வருக்குப் போன வாரம் லேசாக ஜலதோஷம். ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போடவில்லை. மீன் கொட்டகையில் அவர் மேற்பார்வை, நான் கத்தி பிடிக்கிறேன். எல்லாம் முன்போலத்தான்.

கடிதத்துக்கு ஒரு நார்வே சொல்வழக்கு கற்று எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன் அல்லவா? இதோ முதலாவது: "ஊதே இ கூ தீ." பின்லாந்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த மூன்று வருடமாகக் காதில் விழுகிறது, வாயில் வந்தது இப்போதுதான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "நல்ல நேரம் இருக்கும்போதே வெளியே" என்கிறது. எதற்கும் முன்கூட்டியே கிளம்பிப் போய் நிற்பது என்று அர்த்தமாம்.

ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்பும்போது ஹால்வர் இதைச் சொன்னார். அடுப்பில் பால் இருந்தது. "பொங்கினதும் இறக்கிட்டு வரேங்க" என்றேன். "பால் எங்கயும் ஓடிப்போகாது" என்று அவரே அடுப்பை அணைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் சர்ச்சு வாசலில் ஒரு காக்கைகூட இல்லை. கதவு என்னவோ திறந்துதான் கிடந்தது. ஆனாலும் மணி அடிக்கும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தோம். இவ்வளவு அவசரமாக வந்துவிட்டு உள்ளே போகாமல் இருப்பானேன்? கேட்டேன். "இன்னும் நேரம் ஆகலியே" என்றார். நீங்கள்தான் விளக்க வேண்டும்.

கடிதத்தைக் கடையில் கொண்டுபோய் அவரே தபாலில் சேர்க்கிறாராம். ஒட்டாமல் கொடுத்தால் போதும், கடையில் பசை இருக்கிறது என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மிர்யா


பூடோ
நவம்பர் 2, 1978

என் பிரியமான மிர்யா,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. குளிர் வந்தால் அது எனக்கு முன்னால் அழுகிறது, அவ்வளவுதான். மருத்துவமனைச் சமையலறையில் அண்டாவுக்கு அண்டா ஓடும்போது மறந்துபோகிறேன்.

அந்த "ஊதே இ கூ தீ" எங்கள் வீட்டில் வேதம். எங்கள் அப்பாவுக்குச் சீக்கிரம் வராதவன் சோம்பேறி. சீக்கிரம் வந்து கதவைத் தட்டுகிறவனோ அதைவிட மோசம், அடுத்தவன் வீட்டில் சட்டையைப் போடுவதற்குள் போய் நிற்கிறவன். எனவே சீக்கிரம் போக வேண்டும், போய் வெளியே காத்திருக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் படகில் போனோம். துறைக்கு எதிரிலேயே படகை நிறுத்திவிட்டார். கொட்டுகிற மழை. கல்யாண வீட்டார் கரையில் நின்று "வாங்க, வாங்க" என்று கத்துகிறார்கள். அப்பா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுத் துடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஹால்வருக்கு அப்போது ஆறு வயது, எனக்குப் பதினைந்து. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடவுளைப் பார்ப்பதுபோல.

நான் பத்தொன்பதில் அந்தத் தீவைவிட்டு ஓடிவந்தேன். அவன் அங்கேயே அப்பாவாகிவிட்டான்.

அப்புறம், கடைப் பசை எனக்கு ஆகாது என்று என் தம்பியிடம் சொல். உறையை நீயே ஒட்டு.

அன்புடன்
போர்கில்


ஸ்கார்வ் தீவு
டிசம்பர் 10, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம். பகல் என்று ஒன்று இப்போது இல்லை, மதியம் கொஞ்சம் நீலம் வந்து போகிறது.

கிறிஸ்துமஸ் பாட்டுக்காக வாரம் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கூடுகிறோம். ஹால்வர்தான் கொண்டுவிட்டுக் கூட்டிப்போகிறார். பாதிப் பாட்டிலேயே வந்துவிடுவார். உள்ளே வரமாட்டார், அது உங்களுக்குத் தெரிந்ததே. கார் ஜன்னலைப் பார்த்து நிற்கும், விளக்கு எரிந்தபடி. அந்த வெளிச்சம் எங்களுக்கு எதிரே உள்ள சுவரில் விழும். பாடும்போது என் நிழலை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றப் பெண்கள் கிண்டல் செய்கிறார்கள். "என் வீட்டுக்காரரு நான் கடல்ல விழுந்தாக்கூட மூணாம் நாள்தான் தேடுவாரு. உனக்குக் குடுத்து வச்சிருக்குடி" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மீன் கொட்டகை வேலையை விட்டாயிற்று. பச்சைத் தண்ணீரில் என் விரல்கள் வெடித்திருந்தன. நான் வாய் திறப்பதற்குள் ஹால்வரே முதலாளியிடம் சொல்லி நிறுத்திவிட்டார். அவருக்கு என்மேல் அவ்வளவு அக்கறை. வீட்டில் இப்போது நிறைய நேரம் இருக்கிறது.

உங்கள் மருத்துவமனையில் செவிலி உதவியாளர் படிப்பு இருப்பதாகக் கோடையில் சொன்னீர்களே, ஒரு வருடப் படிப்பு. என் மொழி இப்போது அதற்குப் போதும் என்று நினைக்கிறேன். ஹால்வரிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். எனக்கு அதைப் படிக்க வேண்டும், அக்கா. மிகவும் ஆசையாக இருக்கிறது.

பசை வாங்கவில்லை. கடையில் இருக்கும்போது எதற்கு என்கிறார்.

உங்கள்
மிர்யா


பூடோ
ஜனவரி 14, 1979

பிரியமுள்ள மிர்யாவுக்கு,

புது வருடம் உனக்கு நன்றாக விடியட்டும். ஹால்வருக்கும் என் வாழ்த்து, இதை அவனும் வாசிப்பான் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படிப்பு விஷயமாகத் தலைமைச் செவிலியிடம் நானே போய் நின்றேன். "பின்லாந்துப் பொண்ணா? வேலைக்கு அஞ்சமாட்டாங்க. பிப்ரவரி இருபதாம் தேதி வந்து என்னப் பாக்கச் சொல்லு" என்றார். வாய்ப்பேச்சுத்தான், எழுத்துத் தேர்வு கிடையாது. மாடி அறையை உனக்காகக் கழுவித் துடைத்துவிட்டேன். நீ வந்து படுத்தால் அது அறை, இல்லாவிட்டால் பழைய சாமான் கிடங்கு.

இருபதாம் தேதி. மறக்காதே. நீ மறக்கமாட்டாய் என்று தெரியும்.

போர்கில்


ஸ்கார்வ் தீவு
பிப்ரவரி 11, 1979

அன்பு அக்காவுக்கு,

ஹால்வர் எழுதுவது. இங்கே யாவரும் நலம். மிர்யாவுக்கு எழுத ஒழியவில்லை, அதனால் நானே முந்திக்கொண்டேன்.

இருபதாம் தேதிக்கு அவள் வரவில்லை. அந்த வாரம் புயல் வரக்கூடும், படகு நின்றுபோகக்கூடும். கடைசி நிமிடத்தில் ஏமாற்றுவது மரியாதை இல்லை என்று தலைமைச் செவிலிக்கு இப்போதே எழுதிவிட்டேன். அந்த இடம் வேறு யாருக்காவது உதவட்டும். மிர்யாவிடமும் சொல்லியாகிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே சம்மதம்தான்.

அவளுக்குத் தலையில் வீணாக எதையும் ஏற்ற வேண்டாம், அக்கா. இந்த ஊர்ப் பழக்கம் அவளுக்கு இப்போதுதான் பிடிபடுகிறது. ஏப்ரலில் வாங்க வேண்டிய விறகை இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

உங்கள் முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றவும்.

தம்பி
ஹால்வர்


பூடோ
ஏப்ரல் 4, 1979

மிர்யா,

நலம்தானே? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் ஹால்வர் எடுக்கிறான். "தூங்குறா", "குளிக்கிறா", "இப்பத்தான் வெளியே போனா." என் தம்பியோடு நடக்கிற தொலைபேசிப் பேச்சு வானிலை அறிக்கையைவிடச் சின்னது.

பிப்ரவரி இருபதாம் தேதி புயல் வரவில்லை. வெயில் அடித்தது.

மே மாதம் உங்கள் தீவுக்குக் குழந்தைகளுக்கு ஊசி போட வருகிற செவிலி லாவ்ரா என் சிநேகிதி. நல்ல பெண், காதும் உண்டு, பையும் உண்டு. அவளுக்குக் காபி கொடு.

போர்கில்


ஸ்கார்வ் தீவு
மே 16, 1979

அன்புள்ள அக்கா,

லாவ்ரா அடுப்படியில் காபி குடிக்கிறார். ஹால்வர் துறையில் இருக்கிறார். இது நான் ஒட்டுகிற முதல் உறை, லாவ்ராவின் பையில் வருகிறது. உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்க மறந்தால் மன்னியுங்கள்.

உங்கள் தம்பி கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். ஒருநாளும் கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. குடிப்பதில்லை. அடித்திருந்தால் காட்ட ஒரு தழும்பாவது இருந்திருக்கும். இவர் எல்லாவற்றிலும் எனக்கு முந்திக்கொள்கிறார். நான் பசிக்கிறது என்று உணரும் முன்பே தட்டு வைத்திருக்கிறார். என் தோழிக்கு நான் பதில் சொல்லும் முன்பே "அவளால வர முடியாது" என்று சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறக்கும்போது அங்கே சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மூச்சு முட்டுகிறது, அக்கா.

மார்ச்சில் ஒருநாள் தனியாகவே வந்துவிடலாம் என்று துணிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பை எடுக்கவில்லை. அவர் கொட்டகைக்குக் கிளம்பிப் போன பிறகு, விடிவதற்கு முன் பனியில் நடந்தே துறைக்குப் போனேன். துறையில் நம் கார் நின்றிருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்திருந்தார்.

"ராத்திரி நீ ஷூவுக்கு மெருகு போட்டத பாத்தேன். எங்க போறேன்னு சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றார்.

கோபமே இல்லை அந்தக் குரலில். காபி சூடாக இருந்தது. குடித்தேன். படகு வந்தது, போனது. வீட்டுக்குத் திரும்பினோம்.

எனக்கு எங்கேயாவது படிக்கப் போக வேண்டும். பூடோவாக இல்லாவிட்டாலும் எங்கேயாவது. ஆனால் இவருக்கு முன்னால் ஓரிடத்துக்குப் போய்ச் சேர என்னால் முடியாது. இந்த விஷயத்தில் அவரை ஜெயிக்க இந்த நாட்டிலேயே ஆள் இல்லை.

லாவ்ரா கோப்பையைக் கழுவுகிறார். கார் சத்தம் கேட்கிறது. நாலு மணிக்கு வருகிறேன் என்றவர், மூன்றுகூட ஆகவில்லை.

மிர்யா


பூடோ
ஜூலை 9, 1979

பிரியமான மிர்யா,

இதையும் லாவ்ராவே கொண்டுவருவாள். முழங்கால் பரவாயில்லை, படுத்தால் மட்டும் வலிக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் மாவு பிசைந்தேன். யோசனை எனக்கு மாவில்தான் வரும்.

அவனுக்கு முன்னால் போக முடியாது என்கிறாய். போக வேண்டாம். அவன் எப்போதும்போலச் சீக்கிரமே வரட்டும்.

ஆகஸ்ட் பதினெட்டு, சனிக்கிழமை, எனக்கு ஐம்பது வயது. அழைப்பிதழை இருவர் பேருக்கும் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். "மாலை சரியாக ஆறு மணிக்கு." கேக்குக்குக் கைவேலை நிறைய இருக்கிறது, மிர்யாவை மதியமே கொண்டுவந்து விட்டுவிடு என்றும் அதில் ஹால்வருக்கு எழுதியிருக்கிறேன். அவனுக்கு அது மிகவும் பிடிக்கும், மனைவி முன்கூட்டியே போய்க் கூடமாட உதவுவது. கார்ப் படகில் வருவீர்கள். உன்னை விட்டுவிட்டுத் துறைப்பக்கம் போனாலும், அவன் ஆறு மணிக்கு வெகு முன்பே திரும்பி வந்து என் வாசலைப் பார்த்துக் காரை நிறுத்துவான். ஆறு அடிக்காமல் மணியை அழுத்தமாட்டான். அப்பா செத்துப் பதினாறு வருடம் ஆயிற்று, இன்னும் அந்தப் படகில்தான் உட்கார்ந்திருக்கிறான் அவன்.

வாசலை அவன் பார்த்துக்கொள்ளட்டும். என் வீட்டில் சலவை அறைக்கும் ஒரு கதவு உண்டு. அது பின்சந்தில் திறக்கும். சந்தில் இறங்கி நடந்தால் ரயில் நிலையம். தெற்கே போகும் ரயில் ஐந்தரைக்கு. த்ரோன்ஹெய்மில் என் சிநேகிதி ஒரு செவிலிப் பள்ளியில் இருக்கிறாள். உனக்காகப் பேசி இடம் வாங்கியாகிவிட்டது. விடுதியும் அங்கேயே.

துணிமணி நான் வாங்கிவைத்திருக்கிறேன். நீ ஒன்றும் எடுத்துவராதே. முக்கியமாக, ஷூவுக்கு மெருகு போடாதே.

மனம் மாறினால் பாவம் ஒன்றுமில்லை. கேக் சாப்பிட்டுவிட்டு அவனோடு திரும்பிப் போகலாம். நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

போர்கில்


பூடோ
ஆகஸ்ட் 20, 1979

என் கண்ணே மிர்யா,

பத்திரமாகச் சேர்ந்தாய் என்று த்ரோன்ஹெய்ம் சிநேகிதி தொலைபேசியில் சொன்னாள். இரண்டு நாளில் உனக்குச் சாப்பாடு இறங்கியதா? நீ போன பிறகு நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து மணிக்கு முன்பே அவன் திரும்பி வந்துவிட்டான். அது நீயே திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தது. நீ ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டி, மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு, சலவை அறை வழியாகப் போனாய். என் புதுச் சட்டையின் முதுகில் உன் பத்து விரலும் இருந்தன. விருந்தாளிகள் பார்த்துச் சிரித்தார்கள். நான் துடைக்கவில்லை.

நீ சந்தில் இறங்கிய பிறகு மழை பிடித்துக்கொண்டது. நான் முன் ஜன்னலில் நின்றேன். அவன் காரில் நேராக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான், மடியில் பூங்கொத்து. மிர்யா, அவன் என் தம்பி. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். என்னால் தாங்க முடியவில்லை. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது என்று தெரிந்தேதான் வாசல் கதவைத் திறந்தேன். என்னைத் திட்டு, பரவாயில்லை.

"மழைல எதுக்குடா வெளிய உக்காந்திருக்க? உள்ள வா!" என்று கத்தினேன்.

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். "இன்னும் நேரம் ஆகலியேக்கா" என்றான்.

"உன் அக்கா வீடுடா இது. நானே கூப்பிடுறேன், வாடா."

"ஆறு மணிக்குன்னு எழுதியிருக்கீங்க. ஆறு மணிக்கு வரேன்."

அப்போது அவன் இறங்கி வந்து "மிர்யா எங்கே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். பொய் சொல்ல எனக்கு வராது. நிலையத்துக்குக் காரில் ஒரு நிமிடம்தான். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். நான் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் ரயில் ஊதியது. அது அவனுக்கும் கேட்டிருக்கும்.

ஆறு அடித்ததும் தெருவில் நின்றிருந்த அத்தனை காரும் திறந்தன. மழையில் எங்கெங்கோ ஒதுங்கி நின்ற என் சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேரும் ஒன்றாக வாசலுக்கு வந்தார்கள், ஹால்வர்தான் முதல். பூவைக் கொடுத்தான். என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான்.

"மிர்யா எங்க?"

"கிளம்பிட்டா. தெக்க. படிக்க."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நான் வெளியிலதானே இருந்தேன்" என்றான். "அஞ்சு மணிக்கு முன்னாடியே வந்துட்டேனே."

"ஆமாடா. பாத்தேன்."

அவன் சத்தம் போடவில்லை. மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து ஒரு துண்டு கேக் சாப்பிட்டான், நீ கிரீம் வைத்த கேக். பிறகு எழுந்து "படகுக்கு நேரமாச்சு" என்றான். படகு மறுநாள் காலையில்தான். போய்த் துறையில் காரை நிறுத்தி அதிலேயே இருந்தான். விடிந்ததும் நான் பிளாஸ்கில் காபி கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டான். "அவளுக்கு என்ன குறை வச்சேன்?" என்றான். சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் படகு வந்துவிட்டது.

வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் மறுபடி நடந்தாலும் இதையேதான் செய்வேன்.

போர்கில்


த்ரோன்ஹெய்ம்
செப்டம்பர் 16, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் சொன்னார்கள், அடுத்த தபாலில் அனுப்புகிறேன். நீங்கள் கதவைத் திறந்ததற்காகத் திட்டமாட்டேன். ரயில் கிளம்பும்வரை நானும் நிலைய வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் வருவாரோ என்று. வந்திருந்தால் காபியைக் குடித்துவிட்டு அவரோடு திரும்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பயம் இன்னும் விடவில்லை.

நீங்கள் அனுப்பிவைத்த அவருடைய கடிதம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் தீவுக்குத் திரும்பப் படகு டிக்கெட்டை இப்போதே வாங்கி உள்ளே வைத்திருந்தார். கூட்டம் வருவதற்குள் எடுத்துவிட்டாராம். இரண்டு நாள் அந்த டிக்கெட் மேசையிலேயே கிடந்தது, நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நேற்றுத் திருப்பி அனுப்பிவிட்டேன். "வரவில்லை. நானே சொல்கிறேன்" என்று மட்டும் எழுதினேன். உறையை நானே ஒட்டினேன்.

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். முதல் நாள் வகுப்புக்கு நான் எவ்வளவு சீக்கிரம் போய் நின்றேன் தெரியுமா? தெருவில் பால் வண்டிதான் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கு எதிரே மரத்தடியில் ஒதுங்கி, கடிகாரத்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தேன், அசல் உங்கள் தம்பியைப்போல. இத்தனை வருடத்தில் அவர் எனக்கு இதை எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்துவிட்டார்! அழுகை வந்தது. இவ்வளவு தூரம் ஓடிவந்தும் அந்தக் காருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேனா?

உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நேரம் ஆகவில்லை.

தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினேன். அவள் ஈரக் கையோடு வந்து திறந்தாள்.

"இவ்ளோ சீக்கிரமாவா?" என்றாள்.

"ஆமாங்க. உள்ள வரலாமா?"

"கால துடைச்சுட்டு வா" என்றாள்.

போனேன், அக்கா.

உங்கள்
மிர்யா